பிடி அரிசி போன ஊர்

திருநெல்வேலி மிஷன்காரர்களுக்கு ஒரு காலத்தில் வடக்கு என்றால் சிவகாசிப் பக்கம்தான். அப்போது அது திருநெல்வேலி ஜில்லாவின் வடகோடி. 1854இல் தாமஸ் ராக்லண்ட் என்ற கேம்பிரிட்ஜ் படிப்பாளி அங்கே கூடாரம் போட்டார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கரிசல் ஊர்களை ஒவ்வொன்றாகச் சுற்றிவந்து, 1858இல் சிவகாசியிலேயே இறந்தார். அவரைப் பற்றி எழுதியிருக்கிறார்கள். அவருக்குத் துணைக்கு வந்தவர்கள்தான் எனக்கு முக்கியமாகப் படுகிறார்கள். தெற்கே தேரிக்காட்டுச் சபைகள் தங்கள் சொந்தக் காசில் உபதேசியார்களை முறைவைத்து வடக்கே அனுப்பிவைத்தன. பனையேறிக் கருப்பட்டி காய்ச்சிப் பிழைத்த சனம், தங்களைப்போலவே தண்ணீர் இல்லாத இன்னொரு சீமைக்குச் செலவு செய்து ஆள் அனுப்பியது.

எனக்கு ஊர் மல்லாங்கிணறு. சிவகாசிக்கும் வடகிழக்கே, விருதுநகரிலிருந்து காரியாபட்டி போகிற ரோட்டில் இருக்கிறது. வெளியூரில் சொன்னால் கவிஞர் தமிழச்சி தங்கபாண்டியன் பிறந்த ஊரா என்று கேட்பார்கள், இல்லையென்றால் எந்த மாவட்டம் என்று கேட்பார்கள். கரிசல் மண், சீமைக்கருவேலம், பாதி வருஷம் காய்ந்துகிடக்கிற கண்மாய். எங்கள் பக்கத்துப் பையன்களுக்கு விருதுநகர் மண்டி உண்டு, சிவகாசிப் பட்டாசு உண்டு, இரண்டும் பிடிக்கவில்லையென்றால் திருப்பூர், சென்னை, துபாய் என்று எங்கேயாவது கிளம்பிவிடுவார்கள். பிழைப்புக்காக வெளியூர் போவது எங்களுக்குப் புதிதில்லை. பிழைப்புக்காக இல்லாமல், குடும்பத்தோடு, தெரியாத பாஷை பேசுகிற ஊருக்குப் போய் அங்கேயே மண்ணாகிப்போனவர்களைப் பார்க்க வேண்டும் என்றுதான் தெலங்கானாவில் இருக்கிற தோர்ணக்கல்லுக்குப் புறப்பட்டேன்.

நான் எந்தச் சபையையும் சேர்ந்தவன் இல்லை. படித்தது மிஷன் பள்ளிக்கூடம், அவ்வளவுதான் தொடர்பு. ஆனால் விருதுநகர்ப் பக்கத்தில் பிறந்தவனுக்குப் பிடி அரிசியின் அருமை தெரியும். விருதுநகரில் 1889இல் தொடங்கிய சத்திரிய வித்யாசாலை அப்படி வளர்ந்ததுதான். உலை வைக்கும்போது வீட்டுப் பெண்கள் ஒரு பிடி அரிசியை எடுத்துத் தனிப் பானையில் போட்டுவைப்பார்கள், பள்ளிக்கூடத்து ஆட்கள் வாரம் ஒருமுறை வந்து வாங்கிக்கொண்டு போவார்கள். மண்டியில் மூட்டைக்கு இவ்வளவு என்று மகமை. காமராஜர் அங்கே படித்தவர். அவர் பிறந்தது 1903 ஜூலையில். அதே வருஷம் பிப்ரவரி 12ஆம் தேதி பாளையங்கோட்டையில் தமிழ்க் கிறிஸ்தவர்கள் சிலர் கூடி இந்திய மிஷனரி சங்கம் என்ற ஒன்றைத் தொடங்கினார்கள். இந்திய ஆட்கள், இந்தியப் பணம், இந்திய நிர்வாகம், இதுதான் விதி. அங்கேயும் பணம் வந்தது பிடி அரிசியிலிருந்துதான். அந்த அரிசி எங்கே போனது என்று பார்ப்பதுதான் என் பயணம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

சென்னையிலிருந்து நான் பிடித்த ரயில் விஜயவாடா வரை போய் அங்கிருந்து ஒடிசாப் பக்கம் திரும்புகிற ரயில். எதிர் சீட்டில் ஒரு இளம் தம்பதி, மடியில் தூங்குகிற குழந்தை. காலடியில் ஒரு சாக்கு மூட்டை. புளி, கருப்பட்டி, வத்தல் என்று வாசமே சொல்லிவிட்டது. சாத்தான்குளத்துப் பக்கம். ஒடிசாவின் மேற்கு மலைப்பக்கத்தில் ஒரு சின்ன டவுனில் பழங்குடிப் பையன்களுக்கான விடுதியைக் கவனித்துக்கொள்கிறார்கள். லீவுக்கு வந்துவிட்டுத் திரும்பிப் போகிறார்கள்.

“எப்படித் தம்பி போகுது அங்கே?” என்றேன்.

“முதல் வாரம்தான் அண்ணாச்சி கஷ்டம். புதுசா சேர்ந்த பையன்ல நாலு பேராவது ராத்திரியோட ராத்திரியா காட்டு வழியா வீட்டுக்கு நடந்துருவான். மறுநாள் நான் சைக்கிள எடுத்துட்டு அவன் ஊருக்குப் போவேன். போனா அவங்க அம்மா எனக்குக் கஞ்சி ஊத்தி, பையனையும் கூட அனுப்பிவிடும்.”

அந்தப் பெண் அதுவரை பேசவில்லை. “பைபிள் வாசிக்கச் சொல்லிக்குடுக்கிறதெல்லாம் பிறகுதான் அண்ணாச்சி” என்றார். “முதல்ல சொறி சிரங்குக்கு மருந்து, பேன், மலேரியா மாத்திரை. இவங்க பேரு ரிப்போர்ட்டுல வரும். ராத்திரி காய்ச்சல்ல கிடக்கிற பையனுக்கு நெத்தியில துணி நனைச்சுப் போடுறது ரிப்போர்ட்டுல வராது.” சொல்லிவிட்டுச் சிரித்தார். புருஷனும் சிரித்தார். அது பழகிப்போன சண்டை என்று தெரிந்தது.

சம்பளம் கேட்டேன். சொன்னார்கள். சிவகாசியில் ஒரு அச்சாபீஸ் ஃபோர்மேன் அதைவிடக் கூடுதலாக வாங்குவார். “இதுவும் எங்க ஊர்ச் சபைகள்லேருந்து வர்றதுதான். வெளிநாட்டுக் காசு இல்ல” என்றார் அவர். அதைச் சொல்லும்போது மட்டும் குரலில் கொஞ்சம் மிடுக்கு வந்தது. விஜயவாடாவில் நான் இறங்கியபோது அந்தப் பெண் ஒரு கருப்பட்டியைக் காகிதத்தில் சுற்றிக் கொடுத்தார்.

விஜயவாடாவிலிருந்து தோர்ணக்கல் போகிற பாதை மதிரா, கம்மம் வழியாக வடக்கே ஏறுகிறது. கம்மத்தை நெருங்கும்போது மிளகாய்க் களங்கள். விருதுநகர்க்காரன் கண்ணுக்கு அது வெறும் காட்சி இல்லை. எங்கள் ஊர் வத்தல் கமிஷன் கடைகளில் குண்டூரும் கம்மமும் தினம் அடிபடுகிற பெயர்கள். பெட்டியில் இருந்தவர்களோடு அரைகுறைத் தெலுங்கில் பேசிக்கொண்டு வந்தேன். கரிசல் பக்கத்தில் ரெட்டியார், நாயக்கர், அருந்ததியர் வீடுகளில் தெலுங்கு புழங்குவதைக் கேட்டு வளர்ந்தவன் நான். என் தெலுங்கு அவர்களுக்கு நானூறு வருஷப் பழசாகத் தெரிந்திருக்க வேண்டும், ஆனாலும் டீக்கும் வழிக்கும் போதுமானதாக இருந்தது.

பாளையங்கோட்டையில் அந்தச் சங்கத்தைத் தொடங்கியவர்களில் ஒருவரான வேதநாயகம் சாமுவேல் அசரியாவுக்கு அந்த வசதிகூடக் கிடையாது. 1874இல் திருச்செந்தூர்ப் பக்கம் வெள்ளாளன்விளையில் பிறந்தவர். அப்பா கிராமத்து ஐயர், அதாவது சபைப் போதகர். அம்மா எலன் பிற்பாடு மெஞ்ஞானபுரத்தில் பள்ளி விடுதியைப் பார்த்துக்கொண்டார், மகன் அந்த விடுதியில்தான் வளர்ந்தார். விடுதி வாழ்க்கையின் நல்லது கெட்டது அவருக்குச் சின்ன வயதிலேயே அத்துப்படி. சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியில் கணக்குப் படித்தார். பரீட்சை நேரத்தில் உடம்பு சரியில்லாமல் போக, பட்டம் வாங்கவில்லை. 1895இல் ஒய்.எம்.சி.ஏ. செயலாளர் ஆனார். பதினான்கு வருஷம் அவர் செய்த வேலை இளைஞர்களோடுதான்: தென்னாடு முழுக்க, பள்ளி பள்ளியாக, கல்லூரி கல்லூரியாக. 1898இல் அன்பு மாரியம்மாளைக் கல்யாணம் செய்தார். தென்னிந்தியக் கிறிஸ்தவப் பெண்களில் கல்லூரிப் படிப்பு படித்த முதல் தலைமுறையைச் சேர்ந்தவர் அன்பு.

1902இல் அசரியா யாழ்ப்பாணம் போனார். அங்கே தமிழ்க் கிறிஸ்தவ மாணவர்கள் தாங்களே காசு திரட்டி, கடலுக்கு இந்தப் பக்கம் தொண்டியில் ஊழியத்துக்கு ஆள் வைத்திருந்தார்கள். தொண்டி எங்கள் பழைய இராமநாதபுரம் ஜில்லா. நூற்றுக்கணக்கான சபைகள் இருக்கிற திருநெல்வேலி செய்யாததை யாழ்ப்பாணத்துப் பையன்கள் செய்துகொண்டிருந்தார்கள். அது அவரைச் சுட்டிருக்க வேண்டும். மறுவருஷமே பாளையங்கோட்டையில் சங்கம் பிறந்தது. ஆள் அனுப்ப இடம் தேடி நிஜாம் சீமைக்குள் மாட்டு வண்டியில் சுற்றினார். வேறு எந்த மிஷனும் காலூன்றாத, தோர்ணக்கல் இருக்கிற மானுக்கோட்டைத் தாலுகாவைத் தேர்ந்தெடுத்தார். 1904இல் சாமுவேல் பாக்கியநாதன் முதல் ஊழியராகப் போய்ச் சேர்ந்தார்.

இதுவரை அனுப்பியவர்கள் கதை. ஊர் ஊராகப் போய், வடக்கே போங்கள் என்று பையன்களிடம் சொல்லிக்கொண்டிருந்த அசரியாவுக்கு ஒருநாள் தானே ஏன் போகவில்லை என்ற கேள்வி வந்தது. ஒய்.எம்.சி.ஏ. வேலையை விட்டார். 1909இல் குருப்பட்டம் பெற்று, மனைவி மக்களோடு தோர்ணக்கல் வந்து இறங்கினார். வயது முப்பத்தைந்தை ஒட்டி. தெலுங்கை அட்சரத்திலிருந்து படிக்க வேண்டும். மேடைப் பேச்சில் பேர் வாங்கியவர் அந்த வயதில் பள்ளிக்கூடப் பையனைப்போல எழுத்துக்கூட்டி வாசித்ததை நினைத்துப் பார்க்கிறேன். ஊருக்கு ஆள் அனுப்புகிற தலைவர்களில் எத்தனை பேர் இப்படித் தாங்களே பெட்டியைக் கட்டியிருக்கிறார்கள்? நான் பார்த்த அரசியலிலும் ஆன்மிகத்திலும் ரொம்பக் கொஞ்சம்.

தோர்ணக்கல் இன்றைக்குத் தெலங்கானாவின் மகபூபாபாத் மாவட்டத்தில் இருக்கிறது. ரயில் ஜங்ஷன் என்பதால்தான் ஊரே. சிங்கரேணி நிலக்கரிக்காகக் கிளைப்பாதை பிரிந்த இடம். 1909இல் சுற்றிலும் காடு. இப்போது காடு இல்லை. ஸ்டேஷனை விட்டு வெளியே வந்தால் ஆட்டோ, மிர்ச்சி பஜ்ஜி, செல்போன் கடை. எங்கள் காரியாபட்டி பஸ் ஸ்டாண்டில் நிற்பதுபோலவே இருந்தது.

ஆனால் கதீட்ரல் கண்ணில் பட்டதும் அந்த நினைப்பு போய்விட்டது. பாளையங்கோட்டை ஊசிக்கோபுரத்தைப் பார்த்துப் பழகியவன், மெஞ்ஞானபுரத்தின் வானைத் தொடுகிற கோபுரத்தைப் பார்த்தவன், கோயில் என்றால் இங்கிலாந்து பாணி என்றே நினைத்திருப்பேன். இங்கே மசூதியைப் போலக் குவிமாடங்கள். உள்ளே போனால் நம் ஊர்க் கோயில் மண்டபத்தைப் போலச் செதுக்கிய தூண்கள். தாமரைக்குள்ளிருந்து எழும்புகிற சிலுவை. நிஜாமின் பூமியில், தெலுங்கு சனங்களுக்கு, ஒரு தமிழர் எழுப்பிய ஆலயம் வேறு எப்படி இருக்க முடியும்? வேலை ஆரம்பித்து முடிய கால் நூற்றாண்டு ஆனது. 1939 ஜனவரி 6ஆம் தேதி பிரதிஷ்டை நடந்தது. வெளியூர்க் காசை வாங்கிச் சீக்கிரம் முடித்திருக்கலாம். சபையாரின் காணிக்கை வரவர வேலை நடந்தது. கிராமத்துச் சனம் கோழியும் சோளமும் நெல்லும் கொண்டுவந்து படைத்த அறுப்புப் பண்டிகைகள் பற்றிப் படித்திருக்கிறேன். நம் நாட்டு அசனப் பண்டிகையும் ஏலமும் பார்த்தவர்களுக்கு அதைக் கற்பனை செய்வது கஷ்டமில்லை. காணிக்கை கொடுப்பதைப் பற்றியே அசரியா ஒரு நூல் எழுதினார். ஏழையிடம் கேட்பது அவனை அவமதிப்பதில்லை, கேட்காமல் விடுவதுதான் அவமதிப்பு என்பது அவர் கட்சி. நாமும் கொடுக்கிறவர்கள்தான் என்ற எண்ணம் வந்தவன் யாருக்கும் குனிய மாட்டான். விருதுநகர் மகமைக்காரர்களுக்கும் இது தெரிந்திருந்தது.

ஆலயத்தைக் கவனித்துக்கொள்கிற பெரியவர் ஒருவர் சுற்றிக்காட்டினார். ரயில்வேயில் இருந்தபோது சென்னையில் கொஞ்ச காலம் வேலை பார்த்ததால் தமிழ் புரிந்தது. “திருநெல்வேலியா?” என்றார். “விருதுநகர்” என்றேன். “அது திருநெல்வேலிக்குப் பக்கம்தானே” என்று முடித்துவிட்டார். வளாகத்தில் அசரியாவின் கல்லறை. 1945 ஜனவரி 1ஆம் தேதி இதே ஊரில்தான் இறந்தார். 1912 டிசம்பர் 29ஆம் தேதி கல்கத்தாவில் அத்தியட்சராக, அதாவது பிஷப்பாக, அபிஷேகம் பெற்றபோது அவர்தான் ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்திய அத்தியட்சர். அதைவிட உறுத்துகிற விஷயம், அவர் சாகும்வரை வேறு எந்த இந்தியருக்கும் ஒரு ஆங்கிலிக்கன் திருமண்டலம் கொடுக்கப்படவில்லை. முப்பத்திரண்டு வருஷம் அவர் தனி ஆள். தோர்ணக்கல்லைக் கொடுத்ததற்கும் காரணம் உண்டு. முதலில் அது சின்ன மண்டலம், கறுப்பு அத்தியட்சருக்குக் கீழே வேலை செய்ய வேண்டிய வெள்ளைக்காரர்கள் அங்கே அதிகம் இல்லை. நம்மவர்களிலும் எதிர்த்தவர்கள் இருந்தார்கள். 1910இல் எடின்பரோவில் நடந்த உலக மிஷனரி மாநாட்டில் அவர் எழுந்து, நீங்கள் தியாகம் செய்கிறீர்கள், பொருள் தருகிறீர்கள், எங்களுக்கு வேண்டியது நண்பர்கள் என்கிற கருத்தில் பேசியதை அந்தச் சபை லேசில் மறக்கவில்லை. கூடச் சேர்ந்து வேலை செய்கிறவனைச் சாப்பாட்டுக்கு வீட்டுக்குக் கூப்பிடாத துரைகளைப் பற்றிய பேச்சு அது.

மண்டலம் பிற்பாடு விரிந்தது. அவர் காலத்தில் கிறிஸ்தவர்கள் 2 லட்சத்தைத் தாண்டினார்கள். பெரும்பாலும் மாலா, மாதிகா மக்கள். நிலம் இல்லாதவர்கள், கொத்தடிமைகளாக இருந்தவர்கள். கிராமத்தின் நான்கு பேய்கள் என்று அவர் சொன்னது அழுக்கு, நோய், கடன், குடி. ஊருக்கு ஒரு வாத்தியார் வேண்டும், வாத்தியாரை உண்டாக்க விடுதி வேண்டும். தோர்ணக்கல்லில் நடந்ததன் சாரம் இவ்வளவுதான். பையன்கள் படிப்போடு வயல் வேலையும் கைத்தொழிலும் பழகினார்கள். படித்தவன் மண்வெட்டியைத் தொடக் கூச்சப்படுகிற நோய் அப்போதே இருந்தது.

கல்யாணமான வாலிபர்கள் ஊழியப் பயிற்சிக்கு வந்தால் மனைவியோடுதான் வர வேண்டும். மனைவிக்கும் வகுப்பு உண்டு. அங்கேதான் அன்பு வருகிறார். எழுதப் படிக்க, தைக்க, பிள்ளை வளர்க்க, ஊர்ப் பெண்களைக் கூட்டி உட்காரவைத்துப் பேச அந்தப் பெண்களுக்குக் கற்றுக்கொடுத்தது அவர்தான். கிராமத்துக்குப் போகும் உபதேசியார் தெருவில் பேசலாம், திண்ணை வரை ஏறலாம். அடுப்படிக்குள் போக அவர் மனைவியால்தான் முடியும். ரயிலில் அந்தச் சாத்தான்குளத்துப் பெண் சொன்னதை நான் இங்கே நின்றுதான் முழுசாகப் புரிந்துகொண்டேன். ராக்லண்ட் குடும்பம் இல்லாமல் வந்து நான்கே வருஷத்தில் மாய்ந்துபோனார். இவர்கள் குடும்பமாக வந்தார்கள், முப்பத்தைந்து வருஷம் நின்றார்கள். வித்தியாசம் அன்பு மாரியம்மாள் என்று நான் சொல்வேன். சரித்திரக்காரர்கள் கோபித்துக்கொள்ளட்டும்.

எல்லாம் வெற்றி என்று சொல்ல வரவில்லை. மாலாவும் மாதிகாவும் ஒரே பந்தியில் உட்கார வேண்டும் என்று அசரியா கடைசிவரை மல்லுக்கட்டினார். சாதி ஞானஸ்நானத் தண்ணீரில் கரைகிற சரக்கு இல்லை என்பதற்குத் தோர்ணக்கல்லும் சாட்சி, எங்கள் விருதுநகர் மாவட்டத்துக் கல்லறைத் தோட்டங்களும் சாட்சி. காந்தியோடும் அவருக்கு ஒத்துப்போகவில்லை. தாழ்த்தப்பட்ட மக்களைக் கூட்டமாக மதம் மாற்றுவதை 1930களில் காந்தி கடுமையாகவே கண்டித்தார். விவரம் தெரியாத சனத்தை இழுக்கிறார்கள் என்பது காந்தியின் குறை. அவர்களுக்கு விவரம் தெரியாது என்று யார் முடிவு செய்வது என்பது எதிர்க்கேள்வி. எனக்கு இரண்டாவது பக்கம் சாய்வு அதிகம். அதேசமயம் கிறிஸ்தவர்களுக்குத் தனித் தொகுதி கேட்டவர்களை எதிர்த்தவரும் அசரியாதான். தலை எண்ணிக்கையை ஓட்டாக மாற்றுவது அவருக்குப் பிடிக்கவில்லை. இன்றைக்கு அவரை இரண்டு பக்கமும் கொஞ்சம் சங்கடமாகத்தான் பார்க்கும்.

சாயங்காலம் வளாகத்தில் பையன்கள் கிரிக்கெட் ஆடிக்கொண்டிருந்தார்கள். பந்து பொறுக்க வந்த ஒருவனிடம் என்ன ஆகப்போகிறாய் என்று கேட்டேன். ரயில்வே என்றான். அடுத்தவன் ஹைதராபாத், சாப்ட்வேர் என்றான். அசரியா யார் என்று கேட்டதற்கு, “பிஷப்” என்று கல்லறைப் பக்கம் கை காட்டினார்கள். அன்பு யார் என்று கேட்டேன். ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. பாளையங்கோட்டையில் கேட்டாலும் இதே பதில்தான் கிடைக்கும். அசரியாவைப் பற்றி நல்ல வாழ்க்கை வரலாறுகள் இருக்கின்றன. கரோல் கிரகாம் எழுதியது உண்டு, 2000இல் சூசன் பில்லிங்டன் ஹார்ப்பர் எழுதிய பெரிய ஆய்வு நூல் உண்டு. அன்புவுக்கு அவற்றில் கிடைப்பது இடையிடையே சில பக்கங்கள். தனியாக ஒரு நல்ல வரலாறு தமிழில் வந்திருக்க வேண்டும்.

வெள்ளாளன்விளை, மெஞ்ஞானபுரம், பாளையங்கோட்டை, சிவகாசி பக்கத்தில் இதைப் படிக்கிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டுப் பரணில் தாத்தா பாட்டி காலத்துப் பெட்டி இருந்தால் திறந்து பாருங்கள். தோர்ணக்கல் முத்திரை குத்திய கடிதம், பழைய சங்க அறிக்கை, பெண்கள் கூட்டத்தில் எடுத்த போட்டோ, பிடி அரிசிக் கணக்கு நோட்டு, எதுவானாலும் எடைக்குப் போட்டுவிடாதீர்கள். பெங்களூர் ஐக்கிய இறையியல் கல்லூரியில் இதற்கென்றே ஆவணக் காப்பகம் இருக்கிறது. அங்கே கொடுங்கள், அல்லது ஸ்கேன் செய்து பிள்ளைகளிடம் கொடுத்துவையுங்கள். அன்பு மாரியம்மாளைப் பற்றி எழுத வருகிறவருக்கு அது தேவைப்படும்.